முன்பாரம்

பிக்கப் லாரியின் முன்சக்கர ஸ்பிரிங்குகளை வலுப்படுத்தும் வேலை பெரும்பாலும் பனிக்கலப்பையால் வருவது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்குள் விரல் நீட்டியதுபோல் கிடக்கும் கீவினா தீபகற்பத்தில், 1978–79 குளிர்காலத்தில் 390.4 அங்குலப் பனி விழுந்தது. ஏறத்தாழப் பத்து மீட்டர். நெடுஞ்சாலை ஓரத்தில் வெப்பமானி வடிவில் ஒரு நெடுந்தூணை நிறுத்தி, அந்த ஆண்டின் அளவை உச்சியில் குறித்து வைத்திருக்கிறார்கள். பத்து மீட்டரும் ஒரே நேரத்தில் தரையில் கிடப்பதில்லை, அமுங்கும், உருகும். ஆனாலும் விழுந்த பனியை யாராவது ஒருவர் ஒதுக்கியாக வேண்டும். பெருஞ்சாலைகளை அரசு லாரிகள் பார்த்துக்கொள்ளும். வீட்டு வாசல், கடை முன்றில், தேவாலயத்து வண்டி நிறுத்துமிடம் ஆகியவை பிக்கப் வைத்திருக்கும் உள்ளூர்க்காரரின் பங்கு. கோடையில் தோட்ட வேலையோ கூரை வேலையோ செய்பவருக்கு, குளிர்காலச் சம்பாத்தியம் அந்த வண்டியின் மூக்கில் தொங்குகிறது.

மோட்டார் வண்டியின் முன்னால் கலப்பை கட்டும் யோசனை 1920களில் பரவியது. நார்வேயில் ஓவராசென் சகோதரர்கள் 1923இல் ஒன்று செய்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் மேயர் என்பவர் 1926இல் தொடங்கிய தொழில் இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. கீவினா அடங்கிய அதே மேல் தீபகற்பத்தின் தெற்கு ஓரத்தில், அயர்ன் மவுன்டன் என்ற ஊரில், 1985 முதல் பாஸ் என்ற பெயரில் கலப்பைகள் தயாராகின்றன. அன்று கையால் தூக்கியதை இன்று ஓட்டுநர் இருக்கையிலிருந்தே ஹைட்ராலிக் விசையால் தூக்கலாம், இடமோ வலமோ திருப்பலாம். வசதி கூடக் கூட எடையும் கூடியது. ஏழரை அடி அகல நேர்க்கலப்பை, தாங்கும் சட்டமும் பம்பும் சேர்த்து, 300 கிலோவைத் தாண்டிவிடும். நடுவில் மடிந்து ஆங்கில 'வி' எழுத்துபோல் விரியும் கலப்பை 400 கிலோ வரை வரும்.

இந்த எடை முன்சக்கரங்களுக்கு மேலே உட்கார்ந்திருந்தால் ஸ்பிரிங் மாற்றும் பேச்சே அதிகம் எழாது. அது சக்கரங்களுக்கு முன்னால் தொங்குகிறது. மாட்டுவண்டி ஓட்டியவருக்கு முன்பாரம் பின்பாரம் சொல்லித்தர வேண்டியதில்லை. நுகத்தடியில் என்ன நடக்கிறதோ அதுதான் இங்கே முன்னச்சில் நடக்கிறது. ஒரு கணக்கு: 360 கிலோ கலப்பை, அதன் எடைமையம் முன்னச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 3.6 மீட்டர். கலப்பையைத் தூக்கியதும் முன்னச்சில் கூடுவது 360 கிலோ அல்ல, 510 கிலோ. மிச்ச 150 கிலோ எங்கிருந்து வந்தது? பின்னச்சிலிருந்து. அங்கே அவ்வளவு பாரம் குறைந்து, பின்சக்கரங்கள் பனியில் பிடிமானம் இழந்து நிற்கும். கடைக்காரர் விளம்பரத் தாளில் 360 என்று அச்சிடுவார். 510 என்பது வாங்குபவர் தாமே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு, பெரும்பாலோர் போடுவதில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பனியைத் தள்ளும்போது கலப்பை தரையில் கிடக்கிறது. அதன் எடையைத் தரை தாங்குகிறது; தாங்கும் சங்கிலியோ ஹைட்ராலிக் உருளையோ தளர்ந்து, கலப்பை தரையின் மேடுபள்ளத்தோடு மிதந்து போகிறது. உறைந்த கட்டியிலோ சாக்கடை மூடியிலோ மோதினால் கலப்பையே முன்பக்கம் மடிந்து கொடுக்கும்படி அதற்கெனத் தனி ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. ஆக, வேலை நடக்கும்போது வண்டியின் முன் ஸ்பிரிங்குகளுக்குப் பெரிய பாரம் இல்லை. ஒரு வாசலை முடித்து, கலப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகும் வழியில்தான் அரை டன் தொங்குகிறது. வழியில் உறைபனியால் மேடுதட்டிய தார்ச்சாலை. ஒவ்வொரு குழியிலும் அந்த அரை டன் துள்ளி விழும்போது கணநேரத்துக்கு அதைவிட எவ்வளவோ கூடுதலாக அடிக்கும். ஸ்பிரிங் மாற்றுவது பனி தள்ளுவதற்காக அல்ல, பனி தள்ளப் போய்ச் சேர்வதற்காக.

முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை அல்ல. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். முழு வண்டி எவ்வளவு எடை வரை போகலாம், முன்னச்சு எவ்வளவு, பின்னச்சு எவ்வளவு என்று அதில் தனித்தனியே அச்சிட்டிருப்பார்கள். லாரி எடைபோடும் மேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி, ஆட்களோடும் நிறைந்த எரிபொருளோடும் நிறுத்தால் இப்போதைய முன்னச்சுப் பாரம் தெரியும். சீட்டின் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கலப்பைக்கான இடம். இந்தக் கழித்தலில் டீசல் வண்டிக்காரர் அடிபடுவார். ராம் வண்டியில் வரும் கம்மின்ஸ் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் மட்டுமே ஏறத்தாழ 500 கிலோ; பெட்ரோல் எஞ்சினைவிட மிகவும் கனம். கலப்பை கட்டுவதற்கு டீசல்தான் ஏற்றது என்று நம்பி அதிக விலை கொடுத்தவருக்கு, அந்த எஞ்சினே கலப்பையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது பிறகுதான் தெரியும்.

கணக்கு ஒத்துவந்த பிறகே ஸ்பிரிங். அமெரிக்கக் கனரகப் பிக்கப்புகளின் முன்பக்கம் மூன்று விதம். 1999 முதல் 2004 வரை வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி நான்குசக்கர இழுவை வண்டிகளில் முழு அச்சும், அதன்மேல் பட்டை ஸ்பிரிங்கும் இருந்தன. நம் ஊர்ப் பட்டறைகளில் அரிவாளாக மாறும் அதே லாரிப் பட்டை. 2005 முதல் அந்த அச்சின்மேல் சுருள் ஸ்பிரிங் வந்தது. ராம் 2500 வண்டியிலும் முழு அச்சும் சுருளும்தான். செவர்லே சில்வராடோ கனரக வண்டிகள் வேறு வழியில் போயின: இரு சக்கரமும் தனித்தனியே அசையும் அமைப்பு, பட்டைக்கும் சுருளுக்கும் பதில் டார்ஷன் பார்.

பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பட்டை கூட்டினால் பலம் கூடும், பயணம் முரடாகும். உப்புத் துருவில் பழுத்த யு-போல்ட்டைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. சுருளும் நேரடியானதே. அச்சைக் கீழிறக்கி, பழையதை எடுத்து, தடித்த கம்பியில் சுற்றியதை வைக்க வேண்டும். கம்பியின் கனம் சிறிது கூடினாலே விறைப்பு வெகுவாகக் கூடும் என்பதை இங்கே நினைவில் வைப்பது நல்லது. விறைப்பு, கனத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. பத்து சதவீதம் தடித்த கம்பி 46 சதவீதம் கூடுதல் விறைப்பு.

டார்ஷன் பார் விஷயத்தில்தான் தவறான நம்பிக்கைகள் மண்டிக்கிடக்கின்றன. அது ஒரு நீண்ட எஃகுத் தண்டு. ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையோடு பிணைந்திருக்கும். மறுமுனை வண்டிச் சட்டத்தின் குறுக்கு விட்டத்தில் ஒரு சிறு நெம்புதுண்டுக்குள் செருகியிருக்கும். சக்கரம் மேலே ஏறினால் தண்டு முறுகும். முறுக்கம் விடுபட விரும்புவதால் சக்கரத்தைக் கீழே தள்ளும். நம் ஊர் அம்பாசிடர் காரின் முன்பக்கமும் இப்படித்தான் இருந்தது. அந்த நெம்புதுண்டை ஒரு போல்ட் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. போல்ட்டை உள்ளே முறுக்கினால் வண்டியின் மூக்கு எழும். கலப்பை கட்டியதும் மூக்கு தாழ்ந்ததா? நான்கு சுற்று முறுக்கு. சரியாகிவிட்டது. செலவு ஒன்றுமில்லை. ஸ்பிரிங் வலுத்துவிட்டது என்று வண்டிக்காரர் நம்புகிறார்.

வலுக்கவில்லை. ஏன் வலுக்கவில்லை என்பதற்குப் பதில் 17ஆம் நூற்றாண்டு லண்டனில் இருக்கிறது.

ராபர்ட் ஹூக், 1662 முதல் ராயல் சொசைட்டியின் சோதனைப் பொறுப்பாளர். கூட்டந்தோறும் அறிஞர்களுக்குப் புதிய சோதனைகள் நடத்திக் காட்டுவது உத்தியோகம். 1666இல் லண்டன் எரிந்தபின் நகரை அளந்து கொடுத்தவர்களில் ஒருவர். நுண்ணோக்கி, வால்நட்சத்திரம், காற்றுப் பம்பு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அதனாலேயே எதையும் முடித்துத் தன் பெயரில் பதியவைக்க நேரமில்லை. ஸ்பிரிங்கால் சீராக ஓடும் பைக்கடிகாரத்தில் பெரும் பணம் இருக்கிறது என்று 1660 வாக்கிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. காப்புரிமை பேரம் முறிந்தது. விஷயத்தை மறைத்து வைத்தார். 1675இல் டச்சுக்காரர் ஹைகன்ஸ், சுருள் ஸ்பிரிங் கடிகாரத்தை உலகுக்கு அறிவித்தார். ஹூக் கொதித்தார். தன் யோசனையைச் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்க் கசியவிட்டார் என்று குற்றம்சாட்டினார். அடுத்த ஆண்டு சூரியனை நோக்கும் கருவிகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டபோது, கடைசியில் பக்கத்தில் இடம் மிஞ்சியிருந்தது. அதை நிரப்புவதாகச் சொல்லி, தாம் கண்டுபிடித்தவற்றில் சிலவற்றைப் பட்டியலிட்டார். ஸ்பிரிங்கின் விதி அதில் ஒன்று. ஆனால் விதியை எழுதவில்லை. விதியைச் சொல்லும் இலத்தீன் வாசகத்தின் 14 எழுத்துகளைப் பிரித்து, அகரவரிசையில் அடுக்கி அச்சிட்டார்.

படித்தவர்களுக்கு அது வெறும் எழுத்துக் குவியல். அவருக்கோ முத்திரையிட்ட பத்திரம்: நாளை இன்னொருவர் அதே விதியைச் சொன்னால், "இதோ, 1676இலேயே அச்சில் ஏற்றிவிட்டேன்" என்று எழுத்துகளைக் கோத்துக் காட்டலாம். அந்தக் காலத்து அறிஞர்களுக்கு இது பழகிய தந்திரம். கலிலியோ 1610இல் சனிக்கோளைப் பற்றி இப்படி ஒரு எழுத்துப்புதிர் அனுப்ப, கெப்ளர் அதைத் தவறாகக் கோத்து, செவ்வாய்க்கு இரு நிலவுகள் என்று படித்தார். செவ்வாய்க்கு நிஜமாகவே இரு நிலவுகள் இருப்பது 1877இல்தான் தெரியவந்தது. தவறான விடை சரியாக அமைந்த அதிருஷ்டம் கெப்ளருக்கு. ஹைகன்ஸும் சனியின் வளையத்தை முதலில் எழுத்துப்புதிராகத்தான் அறிவித்தார். ஆகவே ஹூக்கின் கஞ்சத்தனத்தை மட்டும் பழிப்பதற்கில்லை.

1678இல் அவரே புதிரை அவிழ்த்தார். இருபது முதல் நாற்பது அடி நீளக் கம்பியை ஆணியில் தொங்கவிட்டு, நுனியில் தராசுத் தட்டைக் கட்டி, எடையை ஒவ்வொன்றாக வைத்து, கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் முறையையும் எழுதினார். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். ஒரு பங்கு எடைக்கு ஒரு பங்கு நீட்சி. இரு பங்குக்கு இரு பங்கு. சுருளானாலும் முறுகும் கம்பியானாலும் இதுவே. பதினெட்டு ஆண்டு பூட்டிவைத்த இரகசியம் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இன்று பாலம் கட்டுபவரும் தராசு செய்பவரும் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். ஹூக்கின் முகம் எப்படி இருந்தது என்று காட்ட, ஐயமற்ற ஓர் ஓவியம்கூட மிஞ்சவில்லை. விதி மிஞ்சியிருக்கிறது.

மிச்சிகன் வண்டிக்காரரின் போல்ட்டுக்கு அந்த விதியைப் பொருத்திப் பார்க்கலாம். இரு முன் தண்டுகளும் சேர்ந்து சென்டிமீட்டருக்கு 100 கிலோ என்ற வீதத்தில் தாங்குவதாக வைத்துக்கொண்டால், 510 கிலோவுக்கு மூக்கு 5.1 சென்டிமீட்டர் இறங்கும். போல்ட்டை முறுக்கி அந்த 5.1 சென்டிமீட்டரை மீட்டுவிடலாம். ஆனால் அதன்பின் இன்னொரு 100 கிலோ வைத்தால் அதே ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். போல்ட், ஸ்பிரிங் எங்கே தொடங்குகிறது என்பதை மாற்றியது. எப்படித் தாங்குகிறது என்பதை மாற்றவில்லை. தண்டின் கனத்தையோ நீளத்தையோ மாற்றினால்தான் அது மாறும். கலப்பையைக் கழற்றிய நாளில் மூக்கு ஐந்து சென்டிமீட்டர் நிமிர்ந்து நிற்கும். சக்கரம் கீழே இறங்க இடமின்றி ஒவ்வொரு குழியிலும் தடுப்பில் இடிக்கும். முன்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டுகளின் மூட்டுகள் அதிகக் கோணத்தில் மடிந்து சுழலும்; அவற்றின் ரப்பர் உறைகள் கிழியும்; பால் ஜாயின்ட்டுகள் சீக்கிரம் தேயும். கம்பெனி சொல்லும் உயரத்துக்குள், அளவெடுத்து, சிறிது முறுக்குவதில் பிழையில்லை. கண்மதிப்பில் முறுக்குவதுதான் கேடு.

போல்ட்டுக்கும் தண்டுக்கும் நடுவே சில சமரசங்கள் கடையில் கிடைக்கின்றன. கனடாவின் டிம்ப்ரென் நிறுவனம் விற்கும் உள்ளீடற்ற ரப்பர்த் துண்டு அவற்றில் சிறந்தது என்று சொல்லலாம். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் முட்டு ரப்பரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்துவது. வெறும் வண்டியில் அது அச்சைத் தொடாமலோ இலேசாகத் தொட்டோ நிற்கும். பாரம் ஏறி மூக்கு தாழ்ந்ததும் வேலைக்கு வரும். அமுங்க அமுங்க மேலும் விறைக்கும். ஹூக்கின் நேர்கோட்டு விதியை மீறுவதே அதன் குணமும் விலையும். கோடையில் அது இருப்பதே தெரியாது. காற்றுப்பைகளும் உண்டு, சுருள் ஸ்பிரிங்கின் உள்ளேயே நுழைத்து, தேவைக்கேற்பக் காற்றடிக்கலாம். குளிரில் காற்றழுத்தம் தானே குறையும் என்பதும், பழுதான குழாயை நள்ளிரவில் பனியில் படுத்துச் சரிசெய்ய வேண்டும் என்பதும் அவற்றின் பாதகம். ஷாக் அப்சார்பரை மாற்றினால் மூக்கு நிமிரும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சாதாரண ஷாக் அப்சார்பர் எடை தாங்குவதில்லை. ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. ஆனால் விறைத்த ஸ்பிரிங்குக்கும் கூடிய பாரத்துக்கும் பழைய ஷாக் அப்சார்பர் போதாமல் வண்டி அலைந்து அலைந்து போகும் என்பதால், அதையும் சேர்த்து மாற்றுவது நியாயம்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான, அலுப்பூட்டும் பரிகாரம் பின்னால் மணல் மூட்டை. மேலே போட்ட கணக்கிலேயே, பின்னச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 180 கிலோ வைத்தால் பின்னச்சில் 230 கிலோ கூடும், முன்னச்சில் 50 கிலோ குறையும். முன்பாரம் 510இலிருந்து 460 ஆகும். பறிபோன பின்பிடிமானமும் திரும்பிவரும். கலப்பைக் கம்பெனிகள் ஒவ்வொரு வண்டிக்கும் எவ்வளவு எதிரெடை வேண்டும் என்று அட்டவணையே போட்டுத் தருகின்றன. மூட்டையைப் பின்னச்சுக்கு முன்னால், ஓட்டுநர் அறையை ஒட்டிப் போடுபவர் அந்த எடையில் ஒரு பங்கை முன்னச்சுக்கே கொடுக்கிறார். நகராதபடி கட்டவும் வேண்டும். திடீர் பிரேக்கில் 180 கிலோ முதுகுக்கு வரும்.

ஸ்பிரிங் மாற்றியபின் செய்ய வேண்டியவை சில. வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் ஒரு குளிர்காலத்துக்குள் டயர் ஓரம் தேய்ந்துவிடும். முகப்பு விளக்குகளைத் தாழ்த்த வேண்டும். தூக்கிய கலப்பை அவற்றை எப்படியும் மறைக்கும் என்பதால் கலப்பையின் மேலேயே தனி விளக்குகள் வரும். டயர்கள் புதிய பாரத்துக்கு உரிய தரமும் காற்றும் கொண்டவையா என்று பார்க்க வேண்டும். மூக்கை அளவுக்கு மீறி உயர்த்துவதும் கூடாது: கலப்பையைத் தாங்கும் முக்கோணச் சட்டம் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக இருந்தால்தான் அடிவிளிம்பு சீராகத் தேயும், மோதலில் கலப்பை சரியாக மடியும். நிமிர்ந்த மூக்கு கண்ணுக்குக் கம்பீரம், கலப்பைக்குக் கோணல்.

புதிதாக வண்டி வாங்குபவருக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டாம். ஃபோர்டும் செவர்லேயும் ராமும் பனிக்கலப்பைக்கென்றே ஒரு தொகுப்பை விற்கின்றன: வலுத்த முன் ஸ்பிரிங்குகள், பம்பின் மின்பசிக்கு ஈடுகொடுக்கும் பெரிய ஆல்டர்னேட்டர் முதலியவை. தொழிற்சாலையில் சில நூறு டாலருக்குள் முடிவதைப் பிறகு பட்டறையில் செய்தால் பல மடங்கு ஆகும். பழைய வண்டி வாங்குபவரும் இந்தத் தொகுப்பு போட்ட வண்டியா என்று கேட்டு வாங்கலாம். ஆம் என்றால், அது எத்தனை குளிர்காலம் கலப்பை சுமந்தது என்பதையும், உப்பு தின்ற சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்பது உத்தமம்.

என்ன ஸ்பிரிங் போட்டாலும் கதவுத் தூணிலிருக்கும் சீட்டின் எண் கூடுவதில்லை. அந்த எண் ஸ்பிரிங்கை மட்டும் பார்த்துப் போட்டதல்ல. அச்சு, பேரிங், பால் ஜாயின்ட், பிரேக், சக்கரம், டயர் அனைத்திலும் எது மிக மெலிந்ததோ அதற்குக் கட்டுப்பட்டது. மெலிந்த ஸ்பிரிங்கை மாற்றினால் அடுத்து மெலிந்தது உடையக் காத்திருக்கும். வலுத்த ஸ்பிரிங்கின் கொடுமை, பாரம் மிஞ்சியதை மறைப்பது: மூக்கு தாழாததால் எல்லாம் சரி என்று தோன்றும்.

அரை டன் என்று அழைக்கப்படும் சிறிய பிக்கப்புகளுக்கு இது இன்னும் பொருந்தும். அவற்றில் சுருளும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய்க் கோத்த அமைப்பு. அழுத்திப் பிடித்த சுருளைச் சரியான கருவியின்றி அவிழ்ப்பது உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர் ஸ்பிரிங் கடைக்குப் போகும் முன் கலப்பைக் கடைக்குப் போகட்டும். அந்த வண்டிகளுக்கென்றே 200 கிலோவுக்கும் குறைந்த கலப்பைகள் விற்கிறார்கள். அதுவும் சீட்டின் எண்ணுக்குள் அடங்கவில்லையென்றால், பனி ஊதும் எந்திரம் ஒன்றை வாங்கி நடந்துகொண்டே தள்ளலாம், வண்டி மிஞ்சும்.